திங்கட்கிழமைப் புத்தகங்கள்

வார இறுதியில் வாசிப்பதற்கென்று புத்தகங்களைச் சிபாரிசு செய்யும் பக்கங்கள் எல்லா மொழிப் பத்திரிகைகளிலும் வருகின்றன. வெள்ளிக்கிழமை மாலையோடு வேலை முடிந்து, சனி காலை ஆறுதலாக எழும்பி, கோப்பியோடு சாய்மனைக் கதிரையில் இருப்பவரை மனதில் வைத்தே அவை எழுதப்படுகின்றன. அந்த ஆள் நாங்கள் இல்லை. பாரிஸ் ரெஸ்ரோறன்ற் குசினிகளில் வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவு வரைதான் உச்ச வேலை. மற்றவர்களுடைய வார இறுதியைச் சமைப்பதும் நாங்கள்தான், அதன் கோப்பைகளைக் கழுவுவதும் நாங்கள்தான். எங்களுடைய வார இறுதி திங்கட்கிழமைதான் வருகிறது.

நாங்கள் நாலு பேர். பாரிஸின் வடக்குப் புறநகரில் இரண்டு அறை வீடொன்றில் ஒன்றாக இருக்கிறோம். ஒருவர் கோப்பை கழுவுகிறார், இருவர் குசினியில், மற்றவர் பிற்சா அடுப்படியில். எங்களில் இருவர் யாழ்ப்பாணக் கம்பஸில் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டு வந்தவர்கள். ஒருவர் சாதாரண தரம் வரை படித்தவர். நாலாமவரிடம் எதுவரை படித்தீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. அவருடைய பள்ளிக்கூட வயது வன்னியில் வேறு விதமாகப் போனது.

திங்கட்கிழமை உடுப்புத் தோய்த்து, ஊருக்கு ரெலிபோன் எடுத்து, கறி வைத்துச் சாப்பிட்ட பிறகு ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்போம். ஆங்கிலமோ பிரெஞ்சோ என்றால் தெரிந்தவர் தமிழில் சொல்லிக்கொண்டு போவார். அரைவாசியில் யாராவது நித்திரையாகிவிடுவதும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறோம். ஒரு புத்தகம் எங்களை எந்த இடத்தில் நித்திரையாக்கியது என்பதும் விமர்சனத்தில் சேர்த்திதான்.

இப்படி வாசித்தவற்றில் சிலவற்றை இங்கே சொல்கிறோம். எல்லாவற்றையும் புகழப் போவதில்லை. புகழ்வதென்றால் மேடைகள் இருக்கின்றன, பொன்னாடைகளும் இருக்கின்றன.

முதலில் ஜோர்ஜ் ஓர்வெல். அவருடைய 'விலங்குப் பண்ணை'யைப் பற்றியும் '1984' பற்றியும் எங்கள் சூழலில் கனக்கக் கதைத்தாயிற்று. ஆளுக்காள் பிடிக்காத இயக்கத்தைத் திட்டுவதற்கு அவை உதவின. 1933இல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகமான 'டவுன் அன்ட் அவுட் இன் பாரிஸ் அன்ட் லண்டன்' அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஆனால் எங்கள் தொழிலைப் பற்றிய புத்தகம் அதுதான். பர்மாவில் ஐந்து வருடம் பொலிஸ் அதிகாரியாக இருந்து, அந்த வேலையை வெறுத்து விட்டுவிட்டு, எழுத்தாளராக வேண்டும் என்று 1928இல் பாரிஸ் வந்த எரிக் பிளேயர் என்ற இளைஞர், காசு முடிந்து பட்டினி கிடந்து, பெரிய ஹோட்டல் ஒன்றின் நிலவறையிலும் பிறகு ஒரு சிறிய ரெஸ்ரோறன்ற்றிலும் கோப்பை கழுவிய கதை. ஜோர்ஜ் ஓர்வெல் என்ற பெயரே இந்தப் புத்தகத்துக்காக வைத்துக்கொண்டதுதான்.

இதை வாசித்தபோது எங்கள் வீட்டில் எழுந்த சிரிப்பை நாங்கள் சொல்லியாக வேண்டும். வெள்ளை விரிப்பும் பளபளப்புமாக இருக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும், ஊத்தையும் வசவும் நிரம்பிய குசினிக்கும் நடுவில் இருப்பது ஒரேயொரு கதவு. அந்தக் கதவைத் தாண்டும்போது பரிமாறுபவரின் முகம் மாறுவதை ஓர்வெல் எழுதுகிறார். சமையற்காரரின் விரல்கள் இறைச்சித் துண்டில் செய்யும் வேலைகளை எழுதுகிறார். குசினிக்குள் இருக்கும் படிநிலையை, யார் யாரை ஏசலாம், யார் பதில் சொல்லக் கூடாது என்பதை எழுதுகிறார். சிறிய ரெஸ்ரோறன்ற்றில் ஒரு நாளைக்குப் பதினேழு மணித்தியாலத்துக்கு மேல் நின்றதை எழுதுகிறார். தொண்ணூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. கழுவும் இயந்திரம் வந்துவிட்டது, சுகாதாரப் பரிசோதகர்கள் வருகிறார்கள், சட்டப்படி வேலை நேரத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. ஆனாலும் அந்தக் கதவு அப்படியே இருக்கிறது. "இவன் எங்கடை முதலாளியட்டையும் வேலை செய்திருக்கிறான் போல" என்றார் எங்களில் ஒருவர்.

அந்தப் புத்தகத்தில் எங்களுக்கு மிகவும் கிட்டவானவர் போரிஸ். ரஷ்யப் புரட்சியில் எல்லாவற்றையும் இழந்து ஓடிவந்த முன்னாள் இராணுவ அதிகாரி, பாரிஸில் வெயிற்றர், ஒரு கால் நொண்டி. பசியோடு கிடக்கும்போதும் தன் படையணியின் பெருமையைக் கதைப்பார். ஓர்வெல் அவரைச் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறார், ஆனால் இளக்காரம் பண்ணவில்லை. லாச்சப்பலில் ஒரு தேநீர்க்கடை வாசலில் அரை மணித்தியாலம் நின்றால் ஐந்து போரிஸைக் காணலாம். எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார்.

சண்டை வந்தது 22ஆம் அத்தியாயத்தில். கோப்பை கழுவுபவன் நவீன உலகத்தின் அடிமை என்றும், அவனுடைய வேலையால் உண்மையில் ஒரு பயனும் இல்லை என்றும், யோசிக்க நேரமில்லாதபடியால்தான் அவன் அதிலேயே கிடக்கிறான் என்றும் ஓர்வெல் வாதிடுகிறார். எங்களில் இருவருக்குக் கோபம் வந்தது. பயனில்லாத வேலையா? அந்தக் காசில்தான் ஒரு தங்கச்சியின் கலியாணம் நடந்தது, ஏஜென்சிக்குக் கட்ட வட்டிக்கு வாங்கிய காசு தீர்ந்தது, ஷெல் விழுந்த வீட்டுக்குக் கூரை வந்தது. ஓர்வெல் யாருக்கும் காசு அனுப்ப வேண்டியிருக்கவில்லை. லண்டனிலிருந்து நண்பர் ஒருவர் வேலை தேடிக் கொடுத்ததும் கப்பல் ஏறிப் போய்விட்டார். அவருடைய தாயின் சகோதரி ஒருவர் அந்தக் காலத்தில் பாரிஸிலேயே இருந்தார் என்பது பிற்பாடு வந்த வாழ்க்கை வரலாறுகளில் இருக்கிறது, புத்தகத்தில் இல்லை. போக ஓர் இடம் உள்ளவருடைய வறுமையும் போக இடமில்லாதவருடைய வறுமையும் ஒன்றல்ல.

இப்படி நாங்கள் கத்திக்கொண்டிருக்க, கோப்பை கழுவுபவர் மட்டும் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அந்தாள் சொன்னது சரி. வந்து ஆறு வரியமா நான் ஒரு வரி வாசிக்கேல்லை. மெற்றோ ஸ்ரேசன்களின்ரை பேர் மட்டும்தான் வாசிச்சனான். கம்பஸ் புத்தகம் ஒண்டு கொண்டுவந்தனான், அது சூட்கேசுக்குள்ளையே கிடந்து பூஞ்சணம் பிடிச்சுப்போச்சு. வேலையாலை வந்தா மூளை கோப்பை மாதிரி வெறுமையா இருக்கும்." அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை. வேலையின் பயனைப் பற்றி ஓர்வெல் பிழை. வேலை மனிதனுடைய மண்டைக்குள் என்ன செய்கிறது என்பதில் அவர் சரி. இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. யூதர்களைப் பற்றி இந்தப் புத்தகத்தில் வரும் சில வரிகள் அசிங்கமானவை. ஏழைகளோடு நின்று எழுதுபவருக்கும் குருட்டுப் பக்கம் ஒன்று இருக்கும் என்று தெரிந்துகொள்ளவாவது அவற்றைத் தாண்டாமல் வாசியுங்கள். லண்டன் பகுதி தொடங்கியதும் எங்களில் ஒருவர் நித்திரை.

ஓர்வெல்லை விடுவதற்கு முன் ஒன்று. 1937இல் வந்த 'த ரோட் ரு விகன் பியர்' நூலில், இந்தப் பாரிஸ் புத்தகத்தில் உள்ளவை பெரும்பாலும் நடந்தவையே, ஆனால் வரிசையை மாற்றி அமைத்திருக்கிறேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். எழுத்தாளர் வரிசையை மாற்றலாம், அது கலை. மொந்திரோயில் உள்ள அகதிகள் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எங்களில் ஒருவர் இரண்டு சம்பவங்களின் மாதத்தை மாறிச் சொல்லிவிட்டார். அது பொய் ஆகிவிட்டது. அந்தக் கேஸை மீண்டும் திறப்பித்து ஒரு விசா எடுக்க மேலும் நாலு வருடம் சென்றது. தன்வரலாற்றுக்கும் புனைவுக்கும் இடையிலான கோடு பற்றி இலக்கியக்காரர்கள் விவாதிக்கிறார்கள். அந்தக் கோட்டில் நின்று தீர்ப்புக் கேட்டவர்கள் எங்கள் ஆட்கள்.

இரண்டாவது, ஒரு கட்டுரை. ஹன்னா ஆரெண்ட் 1943இல் எழுதிய 'வீ ரெஃபியூஜீஸ்'. மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் கிடைக்கும் இடைவேளையிலேயே வாசித்து முடிக்கலாம். பிரெஞ்சிலும் கிடைக்கிறது. ஜேர்மனியில் பிறந்த யூதப் பெண். 1933இல் நாட்டை விட்டு ஓடி இதே பாரிஸில் ஏழெட்டு வருடம் அகதியாக இருந்தவர். 1940இல் பிரான்ஸ் அவரைக் கூர்ஸ் முகாமில் அடைத்தது. அங்கிருந்து தப்பி 1941இல் நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். இரண்டு வருடம் கழித்து இதை எழுதியிருக்கிறார். அழுகை இல்லை. கசப்பான சிரிப்புத்தான்.

தாங்கள் அகதிகள் என்று அழைக்கப்படுவதை விரும்புவதில்லை என்று தொடங்கி, வீட்டையும் தொழிலையும் மொழியையும் இழந்தவர்கள் எப்படி ஒன்றும் நடக்காதது போல நம்பிக்கையோடு நடிக்கிறார்கள் என்று காட்டுகிறார். அந்த நம்பிக்கைக்காரர்கள் திடீரென்று ஒரு நாள் காஸைத் திறந்துவிட்டுச் செத்துப்போவதையும் எழுதுகிறார். கோன் என்று ஓர் ஆள் வருகிறார். ஜேர்மனியில் ஜேர்மன்காரரைவிடப் பெரிய ஜேர்மன்காரர், வியன்னாவுக்கு ஓடினால் அங்கே பெரிய ஒஸ்திரியர், பாரிஸ் வந்தால் பிரெஞ்சுக்காரரைவிடப் பெரிய பிரெஞ்சுக்காரர். தான் ஒரு காலத்தில் பெரிய சாதி நாயாக இருந்ததாகச் சொல்லித் திரியும் ஒரு குட்டை நாயின் பகிடியும் வருகிறது. இதைத் தமிழில் சொன்னபோது மற்றவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்: "ஊரிலை நான் ஆர் தெரியுமோ!" புகலிடத்தில் இந்த வசனத்தைக் கேட்காத ஒருவர் உண்டா?

பகைவர்கள் தங்களை ஒரு விதமான முகாமிலும் நண்பர்கள் இன்னொரு விதமான முகாமிலும் போட்டார்கள் என்று ஆரெண்ட் சொல்லும் இடம் வந்தது. 2009இல் மெனிக் பாம் முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்த எங்கள் நண்பர் எழும்பி பல்கனிக்குப் போய் ஒரு சிகரட் பற்றவைத்தார். முடித்துவிட்டு வந்து, "அதை இன்னொருக்கா வாசி" என்றார். மீண்டும் வாசித்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரையில் எங்களைத் தடுக்கி விழுத்திய சொல் ஒன்று உண்டு. சமூகத்தில் எப்படியாவது ஒட்டிக்கொண்டு மேலே ஏறப் பார்ப்பவனுக்கு எதிராக, தான் ஒதுக்கப்பட்டவன் என்பதை அறிந்து தலைநிமிர்ந்து நிற்பவனை ஆரெண்ட் வைக்கிறார். பேர்னார்ட் லஸாரிடமிருந்து எடுத்த கருத்து அது. அவனுக்கு அவர் கொடுக்கும் பெயர் 'பரையா'. ஐரோப்பிய மொழிகளில் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? எங்களிடமிருந்துதான். பறையர் என்ற தமிழ்ச் சாதிப் பெயர்தான் கப்பலேறி வந்து, ஒதுக்கப்பட்ட எவரையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. தமிழில் சொல்லிக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார். என்ன சொல்லைப் போடுவது? 'ஒதுக்கப்பட்டவன்' என்று போட்டால் உண்மை மறைந்துவிடும். உள்ள சொல்லைப் போட்டால், ஊரில் அது எந்த வாயிலிருந்து எந்த முகத்தை நோக்கி எறியப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒரே சட்டியில் சாப்பிட்டு ஒரே கூரைக்குக் கீழே படுக்கும் நாங்கள் நாலு பேரும் ஒருவரையொருவர் "ஊரிலை எந்தப் பக்கம்" என்று கேட்டதில்லை. கேட்காதது பெருந்தன்மை என்றுதான் நினைத்திருந்தோம். அன்றிரவு எங்களில் ஒருவர், "நீங்கள் கேட்டிடுவியள் எண்டு நான் மூண்டு வரியம் பயந்துகொண்டிருந்தனான்" என்றார். அவர் சொன்னதை மேலும் விரித்து எழுத எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் ஆரெண்டின் 'நாங்கள்' என்ற சொல்லைப் பாராட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு, எங்களுடைய 'நாங்கள்' எவ்வளவு உறுதியானது என்ற கேள்வி அன்றைக்குத்தான் வந்தது. ஆரெண்டின் 'நாங்கள்' படித்த, நடுத்தர வர்க்க ஐரோப்பிய யூதர்களுடையது. அதற்கு வெளியில் நின்றவர்களை அவர் அதிகம் காணவில்லை. எங்களுடையதற்கு வெளியே யார் நிற்கிறார்கள்? பெண்கள் நிற்கிறார்கள். ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்துவிட்டு வந்து வீட்டிலும் சமைக்கும் எங்கள் பெண்களுக்குத் திங்கட்கிழமையும் இல்லை.

அந்த இரவுக்கு அடுத்த திங்கட்கிழமை நாங்கள் எடுத்தது கே. டானியலின் 'பஞ்சமர்'. 1986இல் தஞ்சாவூரில் காலமான டானியல், யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட சாதிகளின் போராட்டத்தை உள்ளே நின்று எழுதியவர். 1960களில் கோயில்களிலும் தேநீர்க்கடைகளிலும் நுழைவதற்காக நடந்த போராட்டங்கள், 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் ஆகியவற்றின் காலத்தை அறியாமல் யாழ்ப்பாணம் தெரியும் என்று யாரும் சொல்ல முடியாது. டானியலின் பாத்திரங்கள் சில வேளை மேடையில் போலப் பேசுகின்றன. கெட்டவர்கள் முழுக்கக் கெட்டவர்களாக இருக்கிறார்கள். கம்பஸில் தமிழ் படித்தவர் இந்தக் குறைகளை விரிவுரை மாதிரி அடுக்கினார். பிற்சா அடுப்படிக்காரர் கேட்டார்: "அந்தக் காலத்திலை தேத்தண்ணிக் கடையிலை ஆக்களைப் பாத்துத்தானே கிளாஸ் குடுத்தவங்கள். சில பேருக்குக் கிளாசே இல்லை, வெளியிலை நிண்டு போத்திலிலை வாங்கிக் குடிக்க வேணும். அதுக்கு உங்கடை விரிவுரையிலை என்ன பேர்?" ஒரு நாளைக்கு ஆயிரம் கோப்பை, யார் வாய் வைத்தது என்று பார்க்காமல் கழுவுகிறோம். சொந்த ஊரில் ஒரு கோப்பைக்காக ஆட்கள் அடிபட்டிருக்கிறார்கள், செத்திருக்கிறார்கள். இதை வாசித்துவிட்டுப் பிறகு ஆரெண்டை மீண்டும் வாசியுங்கள்.

மூன்றாவது, ஜோன் பேர்ஜரும் புகைப்படக்காரர் ஜான் மோரும் சேர்ந்து 1975இல் வெளியிட்ட 'எ செவன்த் மான்'. ஐரோப்பாவுக்குக் கூலி வேலைக்கு வந்த துருக்கியர், போர்த்துக்கேயர், யூகோஸ்லாவியர் பற்றிய நூல். 1972இல் கிடைத்த புக்கர் பரிசுக் காசில் பாதியைப் பேர்ஜர் பிரிட்டனில் இருந்த கறுப்புச் சிறுத்தைகள் அமைப்புக்குக் கொடுத்தார். மற்றப் பாதி இந்தப் புத்தகத்தின் செலவுக்குப் போனது. பொருளாதாரம் விளக்கும் பக்கங்களில் நாங்கள் மூன்று பேர் நித்திரை. ஆனால் ஒரு விசயத்தை மறக்க முடியாது. கள்ளமாக எல்லை கடந்த போர்த்துக்கேயர் தங்கள் படத்தை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைக் கூட்டிப்போகும் ஏஜென்டிடம் கொடுத்து மறு பாதியைத் தாங்கள் வைத்திருப்பார்களாம். பிரான்ஸ் வந்து சேர்ந்ததும் தங்கள் பாதியை வீட்டுக்கு அனுப்புவார்கள். ஏஜென்ட் வந்து தன் பாதியைக் காட்டும்போது இரண்டும் பொருந்தினால்தான் வீட்டுக்காரர் காசு கொடுப்பார்கள். "எங்கடை ஏஜென்சிக்காரருக்கு இதைச் சொல்லிக் குடுத்திருந்தா எத்தினை பேரின்ரை காசு தப்பியிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தோம். பிறகு ஒருவர், வழியில் காணாமல் போன தன் மச்சானின் படம் இன்னும் முழுதாக மாமி வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்றார்.

இவ்வளவு பாரத்துக்கும் பிறகு சிரிக்க வேண்டுமென்றால் செல்வம் அருளானந்தத்தின் 'எழுதித் தீராப் பக்கங்கள்' இருக்கிறது. 1990இலிருந்து கனடாவில் 'காலம்' இதழை நடத்திவருபவர். கனடா போக முன்னர் 1980களில் பாரிஸில் அகதியாக இருந்த நாட்களை 2016இல் வந்த இந்த நூலில் எழுதியிருக்கிறார். ஓர் அறைக்குள் அளவுக்கு மீறிய ஆட்கள், தெரியாத பாஷை, கிடைத்த வேலை, காதல், குடி, கடன், சண்டை. எங்களுக்கு முந்திய தலைமுறை இந்தத் தெருக்களில் எப்படிச் சீவித்தது என்று அறிய இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு குறை சொல்லலாம்: சில துயரங்களின் கிட்டப் போனதும் பகிடி விட்டு விலகிவிடுகிறார். ஆனால் நாங்களும் ஒவ்வொரு நாளும் அதைத்தானே செய்கிறோம்.

கடைசியாக, காசில்லாத வாசிப்பு. 1981 யூன் முதலாம் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலானபோது எங்களில் ஒருவரும் பிறக்கவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தால், ஈழத்து நூல்களும் இதழ்களும் பெருந்தொகையாக இன்று எங்கள் கைபேசிக்குள் வருகின்றன. 'சுவடுகள்', 'தூண்டில்', 'ஓசை', 'மனிதம்', 'எக்ஸில்', 'உயிர்நிழல்' என்று எங்களுக்கு முந்திய அகதிகள் நடத்திய இதழ்களைத் தேடிப் பாருங்கள். எழுத்துப்பிழை இருக்கும், கோபம் இருக்கும், ஒருவரையொருவர் பெயர் சொல்லி வெட்டியிருப்பார்கள். ஆனால் அவர்களும் கோப்பை கழுவிவிட்டு வந்து இரவில் எழுதியவர்கள்தான். அதற்குக் கொடுத்த விலையும் சிறியதல்ல. புத்தகங்களைப் பதிப்பித்த சபாரத்தினம் சபாலிங்கம் 1994 மே முதலாம் திகதி இதே பாரிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். வாசிப்பும் எழுத்தும் எங்கள் ஆட்களுக்குப் பொழுதுபோக்காக ஒருபோதும் இருந்ததில்லை.

பாரிஸில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: மாநகரசபை நூல்நிலையங்களில் சேர்ந்து புத்தகம் எடுக்கக் காசில்லை. ஓர்வெல்லையும் ஆரெண்டையும் நாங்கள் அங்கேதான் எடுத்தோம். எங்கள் கோப்பை கழுவுபவர் முதல் தரம் போகும்போது தன் கையைப் பார்த்து வெட்கப்பட்டார். சவர்க்காரமும் வெந்நீரும் தின்ற கை. அந்தக் கையோடு புதுப் புத்தகத்தைத் தொடலாமோ என்று கேட்டார். நாங்கள் ஓம் என்றோம்.

வருகிற திங்கட்கிழமை என்ன வாசிப்பதென்று தெரிவுசெய்வது அவருடைய முறை. அவர் இன்னும் சொல்லவில்லை.